இரும்பா, ஃபைபரா

"திருப்பதியில ஒண்ணு பாக்கணும் நைனா, நீயும் வா" என்று பிளெஸ்ஸி கூப்பிட்டபோது, அது மாப்பிள்ளை வீடு என்றுதான் கிளமென்ட் நினைத்தார்.

மகள் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. விடுமுறைக்குச் சித்தூர் வந்தால் பாதி நாள் தூக்கம், மீதி நாள் போன். அவளாகவே ஒரு இடம் பார்த்துவைத்திருக்கிறாள் போலிருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். மனைவி எலிசபெத் அதைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பஸ் முழுக்க அவருக்கு அந்த யோசனைதான். பையன் என்ன வேலை, எந்தச் சபை, கேட்டால் கோபித்துக்கொள்வாளோ. திருப்பதியில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். கரக்கம்பாடி ரோட்டில் மரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை முன்னால் ஆட்டோ நின்றது. கொட்டகைக்குள் மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து, கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு படகு நின்றுகொண்டிருந்தது.

"இதான் நைனா. வாங்கலாமா வாணாமான்னு நீதான் பாத்து சொல்லணும்."

"இன்னாம்மா இது?"

"பாய்மரப் படகு. கொச்சியிலேர்ந்து மொரீஷியஸ் போப்போறேன்."

"யார் யாரு?"

"நான் மட்டும்."

கிளமென்ட்டுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் மேலும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், கரையே தெரியாது, வேலையில் நீண்ட விடுப்புக் கேட்டிருக்கிறேன் என்று என்னென்னவோ. அவர் பார்த்ததெல்லாம் அவள் வாய் அசைவதைத்தான்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார்.

"அம்மாவுக்கு தெரியும் நைனா. போன வருஷமே சொல்லிட்டேன்."

அவர் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே வீட்டில் ஒரு வருடமாக எலிசபெத் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

படகைக் கட்டியவர் தாமோதரன். புத்தூர்ப் பக்கத்துக்காரர், ரயில் பெட்டி பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரைபடம் வரவழைத்து, ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரம் முழுவதையும் இதில் கொட்டியிருந்தார். ஏன் விற்கிறார் என்று கிளமென்ட் கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சப்படாமல் பதில் சொன்னார்.

"கட்டி முடிக்கிற வரைக்கும் நான் சமுத்திரத்துல போனதே இல்ல சார். பழவேற்காட்டுல மீன் பிடிக்கிறவங்க போட்டுல ஒரு தடவ ஏறிப் பாத்தேன். கரை மறையறதுக்குள்ள குடலே வெளிய வந்துடிச்சி. அந்தே, அவ்ளோதான். எனக்கு ராசி இல்ல."

வேறு நாளாக இருந்தால் கிளமென்ட் சிரித்திருப்பார்.

பிளெஸ்ஸி அப்பாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பொறுமையாக விளக்கினாள். அவள் மனதில் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று இது, இரும்பு. கனம், மெதுவாகத்தான் போகும், துருவைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் அடிப்பாகம் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே உடம்பாக இருப்பதால், சுக்கானைக் கட்டிவிட்டுத் தூங்கினாலும் நேராகப் போகும். கப்பலிலிருந்து விழுந்த கண்டெய்னர் ஏதாவது கடலில் மிதந்து அதில் மோதினாலும் குழி விழுமே தவிர உடையாது. இன்னொன்று கொச்சியில், ஃபைபர். அழகு, வேகம். ஆனால் படகை நிமிர்த்திப் பிடிக்க அடியில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கனமான கீலைத் தனியாக போல்ட் போட்டுத்தான் மாட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை அது பாறையில் இடித்திருக்கிறது.

"அது கயண்டா?" என்று கேட்டார் கிளமென்ட்.

"படகு தலகீழா கவுந்துடும்." அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அதான் எனக்கு இது புடிச்சிருக்கு. ஆனா வெல்டிங் பத்தி எனக்கு தெரியாது. நீ உள்ள போய் பாரு நைனா. நீ இன்னா சொல்றியோ அதான்."

பங்காருபாளையத்திலும் சித்தூரிலும் மாங்கூழ் ஆலைகளுக்குத் தொட்டி செய்கிறவர் கிளமென்ட். வெள்ளைச் சட்டையோடு, டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். ஓரிடத்திலாவது ஓட்டை இருக்கவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் இறங்கினார். தட்டிக்கொண்டே போனார். தகடு எல்லா இடத்திலும் கணீரென்று பேசியது. வெல்டிங் பற்றுகள் மீன் செதில் மாதிரி வரிசை பிசகாமல் படிந்திருந்தன. ஒரு ஊசித்துளை இல்லை. விலா எலும்பு போன்ற ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும், தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு வாய் விட்டிருந்தது. இப்படி வேலை செய்கிற ஆள் தன் பட்டறையில் ஒருவன்கூட இல்லையே என்று தோன்றியது. அந்த இருட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேர்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வாணாம்மா. வெல்டிங் பத்து சரியா புடிக்கல. தண்ணி எறங்கும்."

தாமோதரன் படகுப் பக்கம் திரும்பி, தகட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பிளெஸ்ஸி வாதாடுவாள், அழுவாள், பிறகு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கிளமென்ட் கணக்குப் போட்டிருந்தார். அவளோ தலையை ஆட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள். கொச்சித் தரகரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். இரும்புப் படகு வேண்டாம், உங்களுடையதையே எடுத்துக்கொள்கிறேன், வரும் வாரம் முன்பணத்தோடு வருகிறேன்.

கிளமென்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. போவதா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அது ஒரு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம். எதில் போவது என்பதை மட்டும்தான் அவரிடம் கேட்டிருந்தாள். பாறையில் இடித்த படகில் தன் கையாலேயே மகளை ஏற்றிவிட்டோம் என்பது புரிந்ததும், எட்டி அந்தப் போனைப் பிடுங்கினார்.

"நான் பொய் சொன்னேன்."

"நைனா?"

"பொய்ம்மா. வெல்டிங்ல ஒரு கொறையும் இல்ல. இந்த மாதிரி வேலைய நான் பாத்ததே இல்ல. நீ போவக்கூடாதுன்னுதான் அப்பிடி சொல்லிட்டேன்."

பிளெஸ்ஸி அவர் முகத்தையே பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து அப்பா எதெதற்கோ கத்தியிருக்கிறார். தொழிலில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"நீ சொன்னத நம்பி நான் அதுல போயிருப்பேன்" என்றாள். "உனக்கு தெரியுதா இல்லையா?"

"தெரிஞ்சிதாம்மா புடுங்கினேன்."

அவள் கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டாள். கிளமென்ட் தாமோதரனிடம் போய்க் கைகூப்பினார். "மன்னிச்சிக்கோங்க சார். உங்க வேலைய நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது."

"பரவாலேது" என்றார் தாமோதரன். கண் கலங்கியிருந்தது. "எனக்கும் ஒரு பொண்ணு கீது. நானா இருந்தா, சுத்தியால அடிச்சி ஓட்டையே போட்டிருப்பேன்."

திரும்பும் பஸ்ஸில் பிளெஸ்ஸி வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். சந்திரகிரி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"உள்ள குடிதண்ணி தொட்டி சின்னது. எனக்கு பத்தாது. நீ செஞ்சி குடுப்பியா?"

"ஒண்ணா வைக்கக்கூடாது" என்றார் கிளமென்ட். "ரெண்டா வைக்கலாம். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வாராவாரம் திருப்பதி போய்வந்தார். படகை டிரெய்லரில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பினார்கள். வெயில் ஏறத் தொடங்கியபோது பிளெஸ்ஸி புறப்பட்டாள். துறையில் எலிசபெத் ஜெபம் செய்தாள். ஆமென் சொல்லும் நேரத்தில் கிளமென்ட் படகின் தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாங்காய் வரத்து ஆரம்பித்த பிறகு ஒரு மதியம், ஆலைத் தொட்டி ஒன்றுக்குள் பற்றுவைத்துக்கொண்டிருந்தபோது எலிசபெத் போன் செய்தாள்.

"மொரீஷியஸ் வந்து சேந்துட்டாளாம்ங்க. போர்ட் லூயிஸ்ல நின்னுகினு பேசினா. துன்றதுக்குத்தான் மொதல்ல போறாளாம்."

கிளமென்ட் சரி என்றார். வெளியே இருந்தவர்கள் கூப்பிடக் கூப்பிட, தொட்டிக்குள்ளேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.