ஆம்பூர் ஆண் ஈக்கள்

எங்கள் அத்தா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் நான் ஆம்பூர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மற்றபடி வேலூரில் கல்லூரிக்குப் போகலாம், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யலாம், ஈக்களோடு குடித்தனமே நடத்தலாம். தோல் தரகர் நசீர் அகமதுவின் மகள் முபஷ்ஷிரா இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள் என்று பஜாரில் பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான். ஐந்து வருஷமாக நானும் அப்படியே வந்து சேர்ந்துகொண்டிருந்தேன்.

ஆனால் ஈக்களுக்கு மஃரிப் கிடையாது. நான் செய்தது பழ ஈக்களில் இரண்டு இனங்களைக் கலக்கும் வேலை. தாய், மைசூரிலிருந்து வாங்கி வந்த சிமுலன்ஸ் இனம். தகப்பன், நம்மூர்ப் பழக்கடைகளில் மொய்க்கும் மெலனோகாஸ்டர். இந்த ஜோடிக்குப் பிறக்கும் மகன்கள் பிழைத்துக்கொள்வார்கள். மகள்கள் முட்டைக்குள்ளேயே செத்துப்போவார்கள். வேடிக்கை என்னவென்றால், தாயின் இனத்தையும் தகப்பனின் இனத்தையும் மாற்றி வைத்தால் மகள்கள் பிழைப்பார்கள். இரண்டிலும் மகளுக்கு வாய்த்த மரபணுக்கள் ஒன்றுதான். அவற்றில் எந்தத் துண்டைத் திறந்து வைப்பது, எதை மடித்துக் கட்டி வைப்பது என்று தாய் முட்டைக்குள் செய்துவிட்டுப் போகும் ஏற்பாடுதான் வேறு. ஆம்பூர் பஜாரில் பிடித்த ஆண் ஈக்களைத் தகப்பனாக வைத்தாலும் மகள்கள் சாகிறார்களா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

இதற்குத் தாய் ஈ கன்னியாக இருக்க வேண்டும். கூட்டை விட்டு வெளியே வந்த எட்டு மணி நேரத்துக்குள் அதை ஆண்களிடமிருந்து பிரித்துவிட வேண்டும், தாண்டினால் போச்சு. விடுதியில் தங்குகிறவர்கள் ராத்திரியிலும் எழுந்துபோய்ப் பிரிப்பார்கள். நான் எங்கே தங்குவது? சாயங்காலம் புட்டிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். குளிரில் ஈக்கள் மந்தமாகிவிடும், கன்னிகள் காலை வரை கன்னிகளாகவே இருக்கும். அத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் எனக்கும் ஒரு பெட்டி வாங்கியிருப்பார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடையில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. பேரணாம்பட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். என் புட்டிகளில் மகள்கள் உயிரோடு வந்தார்கள். ஆம்பூர் ஆண்களின் மகள்கள் சாகவில்லை! என் வழிகாட்டிப் பேராசிரியர் ராமமூர்த்தி அன்றைக்கே பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தகவல் அனுப்பினார். உயிருள்ள மகள்களையும் அவற்றை அறுத்துப் பார்த்த ஸ்லைடுகளையும் கொண்டுவந்தால் இரண்டு வருஷ வேலை தருவதாக அங்கிருந்து பதில் வந்தது.

"வேலை கைக்கு வந்தா நிக்காஹ்வ ரெண்டு வருஷம் தள்ளிக்கலாம். வரலன்னா அவங்களுக்கு வாக்குக் குடுத்துடுவேன். அவங்க வூட்ல பொண்ணுங்கள வேலைக்கு அனுப்பறதில்ல" என்றார் அத்தா. ஏதோ பெரிய மனசு பண்ணிவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

ஸ்லைடு போடுவதற்காக ஒரு மகளை அறுத்தேன். கலப்பின மகளுக்குச் சினைப்பை சூம்பிப் போயிருக்க வேண்டும். இதன் வயிறு முழுக்க முட்டை. இன்னொன்றை அறுத்தேன், அதிலும் அப்படியே. கலப்பே நடக்கவில்லை. எல்லாம் சுத்தமான சிமுலன்ஸ். பெண் ஈக்கள் இரண்டு இனத்திலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆண்களில் வித்தியாசம் தெரியும். மகன்களை உற்றுப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். மகள்களைப் பார்த்த சந்தோஷத்தில் மகன்களை யார் பார்த்தது?

வாட்ச்மேனை விசாரித்தேன். நான் தாய்களைப் பிரித்ததற்கு முந்தின ராத்திரி டிரான்ஸ்பார்மர் வெடித்து, விடியும்போதுதான் கரண்ட் வந்ததாம். பெட்டி சூடாகி, உள்ளே கன்னிகள் எல்லாம் தங்கள் இனத்து ஆண்களோடு கூடிவிட்டிருக்கின்றன. காலையில் போய் நான் அவற்றைக் கன்னிகள் என்று பொறுக்கியிருக்கிறேன். நான் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்ததால் என் ஈக்கள் கெட்டுப்போயின. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

ராமமூர்த்தி சாரிடம் அப்படியே சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திரும்பப் பண்ணும்மா. இந்தத் தடவ ராத்திரி இங்கயே இருந்து நீயே பிரி. ஆம்பூர் ஈ நெஜமாவே வேற மாதிரியாக்கூட இருக்கலாம். பெங்களூர்ல நான் ஒரு மாசம் டைம் கேக்கறேன்" என்றார்.

வீட்டில் கேட்டதும் அத்தாவுக்குக் கோபம் வந்தது.

"ராத்திரில லேப்லயா? இன்னா பேசற நீ?"

"நான் வீட்டுக்கு வந்ததாலதான் அத்தா எல்லாம் பாழாச்சு."

"பேஜாராப் போச்சே உன்னோட." நெடுநேரம் கூடத்தில் நடந்தார். பிறகு, "சரி, நானும் வர்றேன். நான் கூட இருந்தா எவன் பேசுவான்?" என்றார்.

சொன்னபடியே வந்தார். தோல் வாடை போகாத சட்டையோடு மர நாற்காலியில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். நான் ஈதர் காட்டி ஈக்களை மயக்கி, தூரிகையால் பெண்களைத் தனியே தள்ளுவதை எட்டி எட்டிப் பார்த்தார். நான் செய்யும் வேலையை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மகள்கள் வெளியே வர வேண்டிய நாளில் காலை பஸ்ஸுக்கு என்னோடு அவரும் வந்தார். புட்டியைத் தட்டி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். எல்லாம் மகன்கள். அடுத்த புட்டியிலும் மகன்கள் மட்டும்தான். இவை உண்மையான கலப்பினம்தான். ஈக்களுக்குத் தீனியாக வைத்த ரவைக் களியின்மேல் பொரியாத முட்டைகள் பழுப்பேறிக் கிடந்தன. டாக்டர் பட்டத்துக்கு இது போதும். பெங்களூருக்குப் போதாது.

"பொண்ணுங்க எங்கம்மா?"

"வரல அத்தா. முட்டையிலயே போயிடுச்சு."

"அத்தனையுமா? நம்மூரு ஆணுங்ககிட்டயுமா?"

"ஆமா."

"பசங்க மட்டும் எப்டிப் பொழச்சானுங்க?"

"எக்ஸ் குரோமோசோம்னு ஒண்ணு இருக்கு. தகப்பன் அத மகளுக்கு மட்டும்தான் குடுப்பான், மகனுக்குக் குடுக்கமாட்டான். அதுல ஒரு துண்டு இருக்கு. அத எப்டி மடிச்சு வெக்கறதுன்னு இந்தத் தாயோட முட்டைக்குத் தெரியல. அதுவே மகளக் கொன்னுடுது."

அத்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தகப்பன் வேணும்னேவா செய்றான்?"

"இல்ல அத்தா. அவன்கிட்ட இருக்கறதக் குடுக்கறான்."

"அந்தத் துண்டு இல்லாத ஆணே கெடையாதா?"

"எங்கயோ ஒண்ணு ரெண்டு உண்டு. அதுங்களோட மகளுங்க பொழச்சுக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. எனக்குத் தெரிந்து அதற்கு முன் அவர் கண் கலங்கியதில்லை. இப்போது சொல்லிவிடுவார், போகச் சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன். பெங்களூர் இல்லாவிட்டால் வேறு ஓர் ஊர், எங்காவது.

அவர் புட்டியின் வாயில் பஞ்சை வைத்து மூடினார். இரண்டு கையாலும் பிடித்து, பழைய இடத்திலேயே பதமாக வைத்தார்.

"கெளம்பும்மா. சாயங்காலம் அஸர் தொழுதுட்டுப் பேரணாம்பட்டுக்காரங்க வந்துடுவாங்க" என்றார்.

புரியாமல் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் புரிந்துதான் கூப்பிட்டார். நான் விளக்கை அணைத்துவிட்டு அவர் பின்னாலேயே பஸ்ஸுக்கு நடந்தேன்.