பறக்கும் சீடர்கள்

என் கணவர் கு வெய்டாங் விரலால் தொட்டால் போதும், ஆட்கள் பறந்துபோய் விழுவார்கள். ஹெபெய் மாகாணத்தில் எங்கள் ஊர் முழுக்க இதே பேச்சு. யாருக்கும் மண்டை உடையக் கூடாதென்று முற்றத்துச் சுவரில் மெத்தைகூடக் கட்டியிருக்கிறோம்.

முரட்டுப் பலம் வேண்டாம். உடம்பைத் தளர்த்து, எதிராளியின் வேகத்தை வாங்கி அவனுக்கே திருப்பிவிடு. இவர் சொல்லிக்கொடுக்கும் தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் அடிப்படை இதுதான். நல்ல விஷயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் சீடர்கள் இவர் கை படுவதற்கு முன்பே குதித்துவிடுவார்கள். குரு தள்ளியும் அசையாமல் நிற்பது அவருக்கு அவமரியாதையாம். முதலில் மரியாதைக்காகக் குதித்தார்கள், பிறகு பழகிப்போனது, கடைசியில் இவரே நம்பிவிட்டார்.

அன்று மதியம் தியான்ஜின் நகரத்துக் குத்துச்சண்டைக்காரன் ஒருவனோடு மோத இவர் மேடையேறுவதாக இருந்தது. போன மாதம் அவன் வேறொரு தைச்சி வாத்தியாரை அடித்த காணொளியைப் பார்த்திருந்தேன். அந்த மனிதர் இன்னும் கண் விழிக்கவில்லை. இவருக்கோ அறுபது தாண்டிவிட்டது.

காலையில் மூத்த சீடன் ஷி லியாங்கைச் சமையலறைக்கு இழுத்துவந்தேன்.

"இன்னிக்கு அவர் தள்ளுறப்ப குதிச்சுத் தொலைக்காத. அப்படியே நில்லு. அப்பவாவது புத்தி வரட்டும்."

"நான் எங்கம்மா குதிக்கிறேன்? குருவோட சக்திதான்..."

"என்கிட்டயே கதை விடுறியா? சாயங்காலம் அவரைப் பொணமா தூக்கிட்டு வரப்போறியா?"

அவன் முகம் வெளுத்தது. "சரிம்மா, நிக்கிறேன்."

முற்றத்தில் காலைப் பயிற்சி தொடங்கியதும் ஜன்னல் வழியே பார்த்தேன். ஷி லியாங் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இவர் அவன் மார்பில் உள்ளங்கையை வைத்தார். அவ்வளவுதான், அவன் கால்கள் தாமாகவே எம்பின. மெத்தையில் போய் மோதினான். எழுந்து, என்னைப் பார்த்து அழுதான். படுபாவி, அந்த அழுகை பொய்யில்லை.

சீடர்கள் வேனுக்குப் போனதும் முற்றத்தில் இறங்கினேன்.

"இந்தாய்யா, என்னைத் தள்ளு."

சிரித்தார். "பைத்தியமா உனக்கு? எலும்பு முறிஞ்சிடும்."

"முறியட்டும். தள்ளு."

தோளில் கை வைத்துத் தள்ளினார். மூச்சை இழுத்து இன்னொரு முறை தள்ளினார். நான் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிறவள் போல அசையாமல் நின்றேன். அவர் கை என் தோளிலேயே கிடந்தது.

"போகாதய்யா. காய்ச்சல்னு சொல்லிடலாம்."

வெளியே சீடர்கள், 'குருவே, குருவே' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்தார். வெள்ளைப் பட்டுச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாத" என்றுவிட்டுப் போய் வேனில் ஏறினார்.