நொட்டாங்கை

சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த அந்தப் படத்தில் அவள் வீட்டுக்காரர் வலது கையால் அரம் பிடித்திருந்தார். ஆறு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு அவள்தான் அவரைத் துடைத்துவிடுகிறாள். முதலில் தலை, பிறகு தோள், பிறகு முழங்காலில் இடுக்கிய பூட்டு. அந்தக் கை வரும்போது மட்டும் துணி கொஞ்சம் தயங்கும்.

இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பின் முன்கூடம் அது. தரையில் முகம் பார்க்கலாம். முன்பு அதே இடத்தில் ஒரு சந்து இருந்தது. சந்துக்குள் நாற்பது வீடு, ஒரு மாவு மில், ஒரு சைக்கிள் கடை, மில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சாவிக்காரர். எல்லாம் இடது கையால்தான் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் நொட்டாங்கை. 'நொட்டாங்கை போட்ட சாவி கதவை உள்ளேயிருந்துதான் திறக்கும்' என்று கிண்டலடித்தவர்களெல்லாம் சாவியைத் தொலைத்த அன்றைக்கு அவரிடம்தான் ஓடிவந்தார்கள். சந்து இடிபட்டபோது ஆளுக்கொரு வீடு கொடுத்து ஊர்க்கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கதவும் புதிது, பூட்டும் புதிது. வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தே மூன்றாம் வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். இவள் இரண்டு பஸ் மாறிப் பழைய வாசலுக்கே துடைப்பத்தோடு வந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டிய கம்பெனி, 'இந்த இடத்தின் வரலாறு' என்று மேலே எழுதி, யாரோ எப்போதோ எடுத்த சந்துப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தது. ஓசி விளம்பரம் எதற்கு என்று கடைப் பலகைகளிலிருந்த எழுத்தையெல்லாம் அழித்துவிட்டார்கள். அதனால் படம் இடம்வலமாகத் திரும்பியிருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மில் இருந்த பக்கம் சைக்கிள் கடை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கையைத்தான் முடியவில்லை. அவருடைய படமென்று வீட்டில் இருப்பது அடையாள அட்டையில் திருட்டு முழி முழிக்கிற ஒன்றுதான். அதில் கையே இல்லை.

ஒரு திங்கட்கிழமை வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், இந்தப் படம் திரும்பியிருக்கு."

மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். "எப்படிக்கா சொல்றீங்க?"

"இவரு என் வீட்டுக்காரரு. இவருக்கு நொட்டாங்கை."

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடா, இத்தனை நாளா ஏன்க்கா சொல்லல? சரி பண்ணிடலாம்."

அன்றைக்கு வாட்ச்மேனிடம், "எங்க வீட்டுக்காரருக்குக் கை சரியாகப் போகுதுண்ணே," என்று சொல்லிச் சிரித்தாள்.

"அப்ப என் வீட்டுப் பூட்டையும் கொண்டு வரேன்," என்றார் அவர்.

புதன்கிழமை இரண்டு பேர் வந்து படத்தைக் கிழித்தார்கள். ஒட்டிய படம், வேறு வழியில் வராதாம். தலை ஒரு சுருளாகவும் கை ஒரு சுருளாகவும் விழுந்தன. புதுசு வரப்போகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவளேதான் கூட்டி அள்ளினாள். ஒரு துண்டைக்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் சுவர் மொட்டையாக நின்றது. பிறகு மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கமிட்டியில வேற முடிவு பண்ணிட்டாங்கக்கா. எப்படியும் எடுத்தாச்சு, இனிமே பழைய சந்து எதுக்குன்னு..."

"எனக்குச் சின்னதா ஒண்ணு போட்டுத் தர முடியுமா சார்? கையளவு போதும்."

"கேட்டுப் பார்த்தேன்க்கா. படம் போட்டுக் குடுத்த கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே. தப்பான கையோடாவது இருந்திருப்பாரே. அவளை யார் கேட்டார்கள்? அன்று சாயங்காலம் பஸ்ஸில் தன் நிறுத்தத்தை விட்டு இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மறுவாரம் அந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார்கள். கூடம் பெரிதாகத் தெரியுமாம். காலை ஏழு மணிக்கு அவள் வாளியை வைத்து, துணியைப் பிழிந்து, பழக்கதோஷத்தில் தலை இருந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள். பிறகு தோள். கை இருந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அவளைப் போலவே முன்மயிர் நரைத்த ஒருத்தி நொட்டாங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துணி நின்றது. சந்தேகத்தோடு அதை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். கண்ணாடிக்காரி வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். இவள் அவசரமாகத் திரும்பவும் வலது கைக்கே மாற்றினாள்.

"ஏம்மா, அங்க சுத்தமாத்தானே இருக்கு?" என்று வாட்ச்மேன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றபடி அவள் அந்த இடத்தையே துடைத்தாள். கண்ணாடிக்குள் அந்த நொட்டாங்கை, சாவி ராவுகிற கை மாதிரி, முன்னும் பின்னும் போய் வந்தது.