பதினொரு வெள்ளிக்கிழமைகள்

ஆஜரானவர்கள்: ஒழுங்கு விசாரணைக் குழுவின் தலைவர், பொறியாளர் மரியேலோஸ் சோலானோ. உறுப்பினர்கள் இருவர், இருவரும் பொறியாளர்கள். ஒருவர் வழுக்கை, மற்றவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். எழுத்தர் யோர்லேனி. புகார் கொடுத்தவர், தோனா ஒதிலி கெசாதா, பேருந்து நிலையத்தருகே சாப்பாட்டுக் கடை நடத்துபவர். சாட்சி, மேஸ்திரி தோபியாஸ் கிரனாதோஸ். புகாருக்கு ஆளானவர், பொறியாளர் எவேலியோ உமான்யா, உரிமம் பெற்று இருபத்தாறு வருடம். வக்கீல் இல்லை.

யோர்லேனி இதை வாசித்தபோது தன் பெயருக்கு முன்னால் 'பொறியாளர்' என்று வந்ததை எவேலியோ கவனித்தான். அந்தச் சொல் இன்னும் எத்தனை நாளைக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது.

விஷயம் சிக்கலானதல்ல. மலைச்சரிவில் கட்டிய ஒதிலியின் வீடு முதல் மழைக்காலத்திலேயே பின்பக்கமாக இறங்கிவிட்டது. சமையலறைச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அஸ்திவாரம் ஒன்றரை மீட்டர் இறங்கி உறுதியான மண்ணைத் தொட வேண்டும் என்று எவேலியோ வரைபடத்தில் போட்டிருந்தான். வெட்டியது அறுபது சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருந்தது லாரியில் கொட்டி நிரப்பிய மண். குழு அறிய வேண்டியது ஒன்றுதான்: நேரில் வந்தும் கவனிக்காமல் விட்டானா, வராமலே கையெழுத்துப் போட்டானா? கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு கண்டனக் கடிதம். வராமலே போட்டிருந்தால் உரிமம் போகும்.

வரவில்லை. அந்த வீட்டை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சட்டப்படி பொறுப்புப் பொறியாளர் சைட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அங்கே இருக்கும் குறிப்பேட்டில் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். தோபியாஸ் வீட்டை முடித்துவிட்டு, வெற்றுக் குறிப்பேட்டோடு எவேலியோவின் வீட்டுக்கு வந்தான். ஒரு ஞாயிறு மத்தியானம், டிவியில் கால்பந்து ஓட, எவேலியோ மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிப் பதினொரு வருகைகளை எழுதி முடித்தான். ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை என்று ஆரம்பித்து ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டே போனான். காலண்டரைப் பார்க்கவில்லை. பேனாவை மாற்றத் தோன்றிய தன் புத்தியை அன்றைக்கு மெச்சிக்கொண்டான்கூட.

போன வாரம் தோபியாஸுக்குப் போன் செய்தான். "நான் சைட்டுக்கு வந்தேன்னு மட்டும் சொல்லு."

"சொல்லிடுவோம், தோன் எவேலியோ. இது ஒரு பெரிய விஷயமா?" என்றான் தோபியாஸ். காலையில் சொல்லியும் விட்டான். வெள்ளிக்கு வெள்ளி வந்தார், பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்தார், சத்தம்கூடப் போட்டார் என்றெல்லாம் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

அடுத்து ஒதிலியைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நிற்க வேண்டாம் என்று சொல்லியும் எழுந்தாள்.

"இன்ஜினியர் வரலேன்னு நான் சொல்ல மாட்டேங்க. நான் விடிஞ்சா கடைக்குப் போயிருவேன், இருட்டுனப்புறம்தான் வருவேன். நோட்டுல எழுதியிருக்கு, மேஸ்திரியும் சொல்றாரு, அப்ப வந்துதான் இருப்பாரு. படிச்ச மனுஷன் பொய் எழுதுவாரா? என் கேள்வி வேற. பதினோரு தடவ வந்தவரு கண்ணுக்கு அந்தக் குழி ஏன் தெரியலே? அத மட்டும் அவரு வாயால சொன்னா போதும்."

இடைவேளையில் அவள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துக் காப்பி ஊற்றினாள். முதல் கோப்பையை எவேலியோவிடம் நீட்டினாள். "காலையில எதுவும் சாப்பிடலபோல. மூஞ்சியே சொல்லுதே. கிழங்கு வச்சுப் பொரிச்ச எம்பனாதாவும் இருக்கு, நேத்துப் போட்டதுதான்." வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. வாங்கிக்கொண்டான். ஒரு கடி கடித்தான், வாயிலேயே வைத்திருந்தான்.

இடைவேளை முடிந்ததும் மரியேலோஸ் குறிப்பேட்டை வாசிக்கச் சொன்னாள். யோர்லேனி சலிப்போடு வாசித்தாள். ஜூன் இருபத்தெட்டு. ஜூலை ஐந்து. பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்தாறு.

எவேலியோவின் தலை தானாக ஏழைக் கூட்டியது. மீதி எம்பனாதாவை மேஜையில் வைத்தான்.

"ஆகஸ்ட் ரெண்டு, வெள்ளிக்கிழமை," என்று வாசித்தாள் யோர்லேனி. "பின்பக்க அஸ்திவாரக் கம்பிகளை மேஸ்திரி மற்றும் நான்கு தொழிலாளர்கள் முன்னிலையில் சோதித்தேன். ஆழம் வரைபடப்படி உள்ளது. கான்கிரீட் போட அனுமதித்தேன்." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கும் உறைத்துவிட்டது.

ஆகஸ்ட் இரண்டு மாதா திருநாள்; அன்று நாடே கார்த்தாகோ கோயிலுக்கு நடக்கும். முட்டி தேய்ந்த கிழவன் முதல் வயிற்றுப் பிள்ளைக்காரி வரை கருப்பு மாதாவைப் பார்க்க நடப்பார்கள். அன்றைக்கு கான்கிரீட் போடக் கூலியாள் தேடினால் பைத்தியக்காரன் என்பார்கள்.

வழுக்கை உறுப்பினர் லேசாகச் சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை; தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எவேலியோவுக்குத் தெரியும். அவரும் எங்கேயோ இப்படி எழுதியிருக்கிறார்.

மரியேலோஸ் அவனிடம் கேட்கவில்லை. "தோன் தோபியாஸ், அந்த ரெண்டாம் தேதி நீங்க சைட்ல இருந்தீங்களா?"

தோபியாஸ் கையிலிருந்த தொப்பியைச் சுற்றினான். எவேலியோவைப் பார்த்தான், எவேலியோ மேஜையைப் பார்த்தான்.

"அந்த வருஷம் நான் மாதா கோயிலுக்குப் போகலைங்க," என்றான் தோபியாஸ்.

விளையாடுகிறான் என்று நினைத்து ஒதிலி சிரித்தாள். "என்ன மேஸ்திரி ஒளர்றீங்க? ஓச்சோமோகோ ஏத்தத்துல என் செருப்பு வார் அந்துபோச்சே. பாக்கெட்லேருந்து கட்டுக்கம்பி எடுத்து முறுக்கிக் கட்டுனது யாரு, பரிசுத்த ஆவியா?"

தோபியாஸ் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"உங்க நாலு ஆளுங்களும் நம்ம கூடத்தானே நடந்தாங்க? ட்ரெஸ் ரியோஸ்ல எல்லாருக்கும் ஆரஞ்சு வாங்கிக் குடுத்தேனே. வீடு நல்லபடியா எழும்பணும்னு நேந்துக்கிட்டு நடந்தேன். உங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன். இன்ஜினியருக்கும்…"

அங்கேயே நிறுத்திவிட்டாள். குறிப்பேட்டைப் பார்த்தாள், தோபியாஸைப் பார்த்தாள், கடைசியில் எவேலியோவைப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிவதை அவன் கண்ணெதிரே பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதே பேசியிருக்கலாம். பேசவில்லை. தன் வாயாலேயே மாதாவை மறுதலித்துவிட்டு அந்தக் கிழ மேஸ்திரி தலை குனிந்து நிற்கிறான். அப்போதும் எவேலியோ ஒரு வழி தேடினான்: தேதி மட்டும் தவறு, வந்தது மறுநாள் சனிக்கிழமை என்று சொல்லலாமா? சொற்கள்கூடத் தயாராகிவிட்டன. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்கு அதிகம் கூசியது.

"இருந்தேன்னு சொல்லிட்டேங்க," என்று தோபியாஸ் மறுபடி ஆரம்பித்தான். குரல் உடைந்துவிட்டது.

"அவரு கோயிலுக்குத்தான் போனாரு," என்றான் எவேலியோ. "நான்தான் சொல்லச் சொன்னேன். நான் வரல. அன்னைக்கு மட்டுமில்ல, ஒரு நாளும் வரல."

ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தான். யோர்லேனி தட்டச்சு செய்தாள், அவ்வளவுதான்.

"அது எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, உமான்யா," என்றாள் மரியேலோஸ். காலையில் 'பொறியாளர் உமான்யா' என்று அழைத்தவள். "வேற ஏதாவது இருக்கா?"

வேறு எதுவும் இல்லை. தீர்ப்பு எழுத்தில் வரும் என்றாள். என்ன வரும் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே படிக்கட்டில் தோபியாஸ் அவனிடம் நிற்காமல் போனான். ஒதிலி நின்றாள். பிளாஸ்கைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள்: "பதினோரு தடவ வந்ததா எழுதுனீங்களே. ஒரு தடவையாச்சும் வாங்க."

பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவன் கடைசிவரை நின்றுகொண்டே வந்தான்.

வெடிப்பை அவள் காட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்ததும் பின்சுவரில் தன் பெயரைப் பார்த்தான். சைட்டில் வைக்கும் தகரப் பலகை: பொறுப்புப் பொறியாளர், எவேலியோ உமான்யா, உரிம எண். மழை உள்ளே வராமலிருக்க வெடிப்பின்மேல் தலைகீழாக ஆணியடித்து வைத்திருந்தாள்.

"வேற தகரம் கெடைக்கல," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை.

உள்ளே அடுப்பின் ஒரு பக்கத்துக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்திருந்தது. அலமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டியிருந்தாள். எவேலியோ வெடிப்பில் விரல்களை விட்டான். கை மணிக்கட்டுவரை போனது. அந்தப் பக்கம் தகரம் தட்டுப்பட்டது. வந்திருந்தால் போதும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, குழிக்குள் அளவுநாடாவை இறக்க இரண்டு நிமிடம்.

"இதச் சரி பண்ணலாம்," என்று தொடங்கினான். "அஸ்திவாரத்துக்கு அடியில பகுதி பகுதியா தோண்டி, உறுதியான மண்ணு வரைக்கும் கான்கிரீட்…"

"இதச் சொல்றதுக்கு இனிமே உங்களுக்கு உரிமம் இருக்குமா?"

அவன் கையை வெடிப்பிலிருந்து எடுத்தான்.

"என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லல," என்றாள் ஒதிலி. "குழி ஏன் கண்ணுக்குத் தெரியலேன்னு கேட்டேன்ல. அத யோசிச்சு யோசிச்சு எத்தன நாள் தூங்காம கெடந்திருக்கேன் தெரியுமா? ஒருவேள நாந்தான் அவசரப்படுத்திட்டேனோ, மேஸ்திரிகிட்ட ஏதாவது சொல்லிட்டேனோன்னு." சமையலறை விளக்கை அணைத்தாள். "பாத்தாச்சு இல்ல? கெளம்புங்க. நான் கடையில மாவு பெசையணும்."

மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அவள் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அதைச் சொல்லாமலே இறங்கினான். அவள் பின்கட்டு வழியாகத்தான் கடைக்குப் போவாள் போலிருக்கிறது, வெளியே வரவில்லை.

கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. நிலைப்படியில் இடித்து நின்றது. நிலை சாய்ந்திருந்தது. திறந்து மறுபடி சாத்தினாள். தாழ்ப்பாள் உரசியது, சேரவில்லை. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் துளை நேராகும் என்று அவனுக்குத் தெரியும். அதை அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உள்ளே அவள் இரண்டு கையாலும் தூக்குவதும் மூச்சு வாங்குவதும் கேட்டன. உதவலாம் என்று கை நீட்டினான். அவன் பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது முறை கதவு நிலைக்குள் ஏறியது. சாவி இரண்டு சுற்றுத் திரும்பியது.