உப்பு மூட்டைக்குள் இருந்த வெள்ளி

மரக்காணத்தில் உப்பு மூட்டையைத் திருட எவனும் வரமாட்டான். வீட்டுக்கு வீடு கிடக்கிற சரக்கு அது. அதனால்தான் என் கல்யாணத்துக்கு அப்பா போட்ட வெள்ளிச் சொம்பையும் கொலுசையும் துணியில் சுற்றி உப்பு மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். நானும் வீட்டுக்காரரும் விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டால் வீட்டில் காவலுக்கு நாய்கூடக் கிடையாது. பீரோவில் வைத்தால் பீரோவை உடைப்பான். உப்பையா கிளறிப் பார்ப்பான்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி மாதம் வெளியே எடுத்துப் பார்த்தால் இரண்டும் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன.

எடுக்க வேண்டிய அவசரம் கீதாஞ்சலியால் வந்தது. என் ஒரே பெண். பன்னிரண்டாவது முடித்து, பாண்டியில் ஒரு காலேஜில் லேப் டெக்னீசியன் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். முப்பதாயிரம் கட்ட வேண்டும், அன்றைக்குத்தான் கடைசி நாள். கட்டாவிட்டால் அவளுக்கும் உப்பளம்தான். அவள் வயிற்றில் இருக்கும்போதே நான் முடிவு செய்திருந்தேன், இவள் கால் உப்புப் பாத்தியில் படக்கூடாது என்று. என் பாதங்களைப் பார்த்தால் உங்களுக்கே ஏன் என்று புரியும்.

வெள்ளி விலையோ அப்போது எகிறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கீதா போனில் கணக்குப் போட்டாள்.

"நாப்பதாயிரம் வரும்மா. ஃபீஸ் போக பத்தாயிரம் மிச்சம்."

அந்தப் பத்தாயிரத்தை நாங்கள் கோட்டக்குப்பம் வருவதற்குள் செலவழித்து முடித்துவிட்டோம். அவளுக்கு இரண்டு சுடிதார், ஒரு நல்ல பை, எனக்கு ஒரு செருப்பு. மனசுக்குள்ளேயே சந்தோஷம் ஊறியது.

பாண்டியில் நாங்கள் ஏறிய வெள்ளிக்கடையில் முதலாளி சிவப்பிரகாசமே கல்லாவில் இருந்தார். நெற்றி நிறைய விபூதி.

"என்னம்மா இது, கரிக்கட்டையாட்டம் எடுத்தாந்திருக்கீங்க?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "உப்பு மூட்டையில வச்சிருந்தேங்க" என்றேன்.

அந்த மனிதர் முகத்தில் வந்த சோகத்தைப் பார்க்க வேண்டுமே! என் வீட்டில் இழவு விழுந்ததுபோல உச்சுக்கொட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"அடடா, உப்பு உள்ள ஏறிடுச்சேம்மா. வெள்ளிய அரிச்சிருக்கும். உருக்குனா பாதிகூடத் தேறாது."

வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் உப்பளத்துக்காரி ஆயிற்றே. உப்பு மோட்டாரைத் தின்றதைப் பார்த்திருக்கிறேன், கதவுக் கீலைத் தின்றதை, சுவரைத் தின்றதை, மனுஷன் காலைத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளியை மட்டும் விட்டுவைக்குமா? அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் நம்பிவிட்டேன்.

அப்புறம் கழிக்க ஆரம்பித்தார். போர்டில் எழுதியிருப்பது விற்கிற விலையாம், வாங்குகிற விலை வேறாம். கொலுசில் கண்ணிகளை ஒட்டப் பற்றவைத்திருக்கிற பொடிக்கு ஒரு கழிவு. பழைய வெள்ளி தரம் குறைவு என்று ஒரு கழிவு. உருக்கும்போது போகிற சேதாரத்துக்கு ஒன்று. கடைசியாக உப்புக்கென்று ஒரு பெரிய கழிவு. எல்லாம் போக பதினாறாயிரத்தில் வந்து நின்றார்.

"வேணும்னா நாலு கடை ஏறிப் பாருங்கம்மா, நான் வேணாங்கல. உப்புல கெடந்த வெள்ளின்னு சொன்னா எவனும் கையால தொடமாட்டான்."

நாலு கடை ஏற நேரம் ஏது? காலேஜ் ஆபீஸ் மூன்று மணிக்கு மூடிவிடும். "பாதி கட்டினா மீதிக்கு டைம் குடுப்பாங்கம்மா" என்று கீதா காதில் சொன்னாள். சரி என்று கொடுத்துவிட்டேன். பில் போட ஆதார் கார்டை வாங்கி, பாக்கியலட்சுமி என்று என் பெயரைப் படித்தவர், "லட்சுமியே நம்ம கடைக்கு வந்திருக்கு" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

வெளியே நல்ல மழை. கடை வாசலிலேயே ஒதுங்கினோம். கீதா காலேஜுக்குப் போன் போட்டாள். முழுசாகக் கட்டினால்தான் சீட், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.

உள்ளே சிவப்பிரகாசம் என் சொம்பை ஏதோ தண்ணீரில் முக்கி எடுத்தார். பூந்திக்கொட்டை நுரை போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தார். கறுப்பு மேலோடு போயிற்று. மழை விடுவதற்குள் சொம்பு என் கல்யாணத்தன்று இருந்ததுபோலப் பளபளத்தது. உருக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. எடை போட்டு, விலைச் சீட்டுக் கட்டி, விற்பனைக்கு அலமாரியில் வைத்தார்.

உள்ளே ஓடினேன்.

"உள்ள அரிச்சிடுச்சின்னு சொன்னீங்களே! இந்தாங்க உங்க பணம், என் சொம்பையும் கொலுசையும் குடுங்க."

"பில்லு போட்டாச்சேம்மா. வேணும்னா வாங்கிக்கோங்க." கால்குலேட்டரைத் தட்டினார். "இன்னிக்கி ரேட்டு, செய்கூலி, ஜிஎஸ்டி. சொம்பு மட்டும் இருபத்தேழாயிரம் வருது."

செய்கூலியாம்! என் சொம்பைத் தேய்த்ததற்குக் கூலி.

"பொய் சொல்லி வாங்கினியே, உருப்படுவியா நீ?"

"உப்புல வச்சிருந்தேன்னு சொன்னது நீங்களா நானாம்மா?"

என்னால் கத்த மட்டும்தான் முடிந்தது. கொலுசு பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டார் சிவப்பிரகாசம், அதையும் 'அம்மா' சேர்த்துத்தான் கேட்டார். கீதா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"வுடும்மா. மழ முடிஞ்சு தையில உப்பளம் தொறந்ததும் நானும் உன்கூட வர்றேன். ரெண்டு பேர் கூலி வந்தா நல்லதுதானே?"

சந்தைக்கு வருகிறேன் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பளாரென்று அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். நடுத்தெருவில், கல்யாண வயசுப் பெண்ணை. அறை வாங்க வேண்டியவன் உள்ளே கல்லாவில் உட்கார்ந்து, அடுத்து வந்தவளை "வாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.