நாரே கீரை சாப்பிட்டாள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. கதை என்றாலே பொய்தானே என்று எனக்குச் சமாதானம் சொல்ல வராதீர்கள். நான் சொல்வது அசல் பொய். செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைகள் காப்பகத்துக்கு ஃபோனில் அனுப்பும் தினக்குறிப்பில், ‘நேற்று இரவு என்ன சாப்பிட்டாள்?’ என்ற கட்டத்தில், ‘நாரே பாலக்கீரை சாப்பிட்டாள்’ என்று தட்டி அனுப்பினேன்.

நாரே என் மகள், இரண்டரை வயது. அவள் கீரை தின்றதில்லை. காரட், பூசணி, சோயா முளை, தண்ணீரில் அலசிக் காரம் போக்கிய கிம்ச்சி, எதையும் தின்றதில்லை. முட்டைக்குள் ஒளித்து வைத்த வெங்காயத்தாளைக்கூட நாக்காலேயே துப்பறிந்து வெளியே தள்ளுவாள்.

ஏன் எழுதினேன் என்றால், அந்தக் குறிப்பை டீச்சர் மட்டும் படிப்பதில்லை. என் மனைவி மிரான் உல்சானில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே விடுதியில் இருப்பாள். மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதைத்தான் முதலில் படிப்பாள். போன மாதம் டாக்டர், “நூறு பிள்ளைகளை எடைப்படி நிறுத்தினால் இவள் கடைசியிலிருந்து ஆறாவது, ரத்தத்தில் இரும்பும் குறைவு” என்று சொன்னதிலிருந்து மிரானுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளையாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

(இப்படிச் சொன்னால் நான் நல்லவன் மாதிரித் தெரிகிறது. பாதிதான் உண்மை. இங்கே ஜின்ஜுவில் வீட்டோடு இருந்து கதை எழுதுகிறவனுக்குப் பிள்ளைக்கு ஊட்டத் தெரியவில்லை என்று பேர் வாங்க வெட்கமாக இருந்தது. அது மீதிப் பாதி.)

2

இந்தக் கதையின் முதல் வரியை வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

‘குளிர்காலக் கீரைக்கு இனிப்பு அதிகம், ஆகவே...’ சமையல் குறிப்பு.

‘ஒரு தகப்பனின் பொறுமை எங்கே முடிகிறதோ அங்கேதான்...’ சீ.

‘நாரே துப்பினாள்.’ இது சுத்தமான உண்மை. ஆனால் தினமும் நடக்கிற உண்மை. யார் படிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

3

அன்று சாயங்காலம் கூட்டிவரப் போனபோது காப்பக வாசலில் பாங் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

“நாரே அப்பா, நேத்து கீரை சாப்ட்டாளாமே. இங்க வாயத் தொறக்கவே மாட்டேங்கிறா. என்ன மந்திரம் போட்டீங்க?”

“நல்லெண்ணெய் கொஞ்சம் கூட ஊத்தினேன், டீச்சர்.”

“நீங்க எழுதினத வாசிச்சுக் காட்டினேன், எல்லாப் பிள்ளைங்களும் கைதட்டினாங்க. அவ கையப் பாருங்க.”

நாரேயின் புறங்கையில் கீரைப் படம் போட்ட ஒட்டுத்தாள். வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தாள். இரவுச் சோற்றின்மேல் ஒரே ஒரு இலையை வைத்தேன். தானே எடுத்து வாயில் போட்டாள். இரண்டு தடவை மென்றாள், என் உள்ளங்கையில் துப்பினாள்*, ஃபோனைக் காட்டினாள்.

“அப்பா, எழுது. நாரே சாப்ட்டா.”

(இரண்டரை வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் கைதட்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீரையிலிருந்து அல்ல, எழுத்திலிருந்து.)

புதனும் எழுதினேன். வியாழனும் எழுதினேன்.

* துப்பியதை என்ன செய்தாய் என்று கேட்கிறவர்கள் பிள்ளை வளர்த்தவர்கள் அல்ல. தின்றேன். என் ரத்தத்தில் இரும்புக்குக் குறைவில்லை.

4

வியாழன் மாலை வாசலில் ஒரு பெட்டி இருந்தது. நம்ஹே தீவுக் கீரை, நாலு கிலோ. மிரான் சொல்லி அனுப்ப வைத்தது. ஃபோன் செய்தேன்.

“பிள்ளைக்குப் பிடிச்சுப்போச்சுல்ல, இருக்கட்டும். நாளைக்கு வந்து நானே ஊட்டுறேன். மூணு நாளா மத்தியானம் ரெண்டாந்தரம் சோறு வாங்கித் திங்கிறேன், தெரியுமா? கூட இருக்கறவங்க கேலி பண்றாங்க.”

‘மிரான், ஒரு விஷயம்...’ என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை.

5

முடிவு அ: தாய் கையால் கொடுத்ததும் நாரே தின்றுவிடுகிறாள். (எழுதி அழித்தேன். அதைத்தானே மூன்று நாளாக எழுதிக்கொண்டிருந்தேன்.)

முடிவு ஆ: மிரானுக்குப் பஸ் தவறிவிடுகிறது. (கோழை.)

நடந்தது இதுதான். வெள்ளி மாலை வந்ததும் வராததுமாக மிரான் கீரையை வெந்நீரில் முக்கி எடுத்து, ஒட்டப் பிழிந்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தாள். தீப்பொறித் தழும்பு விழுந்த விரலால் ஒரு இலையை நீட்டினாள். நாரே வாங்கி மென்றாள். அம்மாவின் உள்ளங்கையில் துப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, எழுது. நாரே சாப்ட்டா.”

மிரான் கையை மூடிக்கொண்டாள். “எத்தன நாளா?”

“செவ்வாயிலேர்ந்து.”

“ஒரு நாள்கூட சாப்பிடலயா?”

“இல்ல.”

“கத எழுதறது உங்க பொழப்பு, சரி. எம்பிள்ளயப் பத்தி எங்கிட்டயேவா கத விடறது? இன்னைக்கும் துப்பிட்டான்னு நீங்க எழுதியிருந்தா, நானும் பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி இருந்திருக்கும். நாலு நாளா, இல்லாத ஒரு பிள்ளய நெனச்சு நான் சந்தோஷப்பட்டிருக்கேன்.”

எனக்கு அழுகை வந்தது. பிள்ளை முன்னாலேயே அழுதேன்.

மிரான் நாரேயைப் பக்கத்தில் இழுத்து, கையைத் திறந்து காட்டினாள். “கண்ணு, நீ சொல்லு. இதச் சாப்ட்டியா?”

நாரே இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குனிந்து நாக்கு நுனியால் இலையைத் தொட்டாள்.

“நாரே நக்குனா.”

மிரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப அத எழுதுங்க.”

திங்கட்கிழமைக்கான குறிப்பை அப்போதே தட்டினேன். தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்து, தனக்கு ஒரு கிண்ணம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

6

பெட்டியில் இன்னும் மூன்றே முக்கால் கிலோ இருக்கிறது. முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவலாம் என்றுதான் இருந்தேன். கொடுக்கமாட்டேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்றால் இளகிய மனசுக்காரர்கள். பாவம் என்று அவளை விழுங்க வைத்துவிடுவீர்கள்.

நக்கினாள். இன்றைக்கு அவ்வளவுதான்.