தங்கராஜு கேட்ட வீடு

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கும் தனேஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் கட்டவில்லை. துணை என்று இருந்தது தம்பி தங்கராஜு மட்டும்தான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்குப் பிள்ளைப் புத்தி. என்ன சட்டை, என்ன கறி, எப்போது தூக்கம், எல்லாம் அக்கா சொன்னபடிதான். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்கலாம் என்று அவனிடம் யாரும் சொன்னதும் இல்லை.

போன வருஷம் கேண்டீனில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கை முறிந்தது. தம்பியைக் குளிப்பாட்டக்கூட முடியாமல் சமூக நல இலாகாவில் போய் உதவி கேட்டாள். விஷாலினி என்ற இளம் அதிகாரி வீடு தேடி வந்தாள்.

“மூனு வழி இருக்குக்கா. வீட்டுக்கே ஆள் வந்து பார்த்துக்கலாம். இல்லேன்னா பகல்ல மட்டும் ஒரு மையத்துல விடலாம். கோலா குபு பாருல ஓர் இல்லம் இருக்கு, அங்கேயே தங்கவும் செய்யலாம்.”

“வீட்டுக்கே ஆள் அனுப்பிடுங்கலா.”

“நீங்க சொல்லக்கூடாதுக்கா. அவருதான் சொல்லணும்.”

அவரு! தனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் தம்பி தன் முகத்தைத்தான் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பயமே இல்லாமல் இருந்தாள்.

விஷாலினி இரண்டு இடங்களுக்கும் அவர்களைக் காரில் கூட்டிப்போய்க் காட்டினாள். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, மேசையில் மூன்று படங்களை வைத்துவிட்டு, தனேஸ்வரியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். அவள் துணிக்கொடியருகே நின்று காதைக் கொடுத்தாள்.

“எங்கே இருக்கப் புடிக்கும், தங்கராஜு அண்ணே?”

மேசையிலிருந்து ஒரு படத்தை எடுக்கும் சத்தம். பிறகு தம்பியின் குரல். “இங்க.”

“ஏன் இங்க?”

“அலமாரி. சாவி இருக்கு. என் சாவி.”

இல்லத்தில் ஆளுக்கொரு அலமாரி இருந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

“அவனுக்கு என்னம்மா தெரியும்? இந்த வீட்டுல அவன் பூட்டி வைக்க என்ன இருக்கு?”

தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் கோலா குபு பாரு படத்தை மட்டும் விடவில்லை.

“ஒரு வாரம் போகட்டும்க்கா, மறுபடியும் கேட்கிறேன்,” என்றாள் விஷாலினி. அந்த வாரம் முழுக்க தனேஸ்வரி அவனுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்து போட்டாள். ரசித்துச் சாப்பிட்டான். விஷாலினி வந்து கேட்டபோது மறுபடியும் அதே படத்தைத்தான் எடுத்தான். முடியாது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் நின்றிருக்கும். வாய் வரைக்கும் வந்தது. தம்பி அவளைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “போகட்டும்,” என்றாள்.

அவன் போன பிறகு வீட்டில் வேலையே இல்லை. ஆற்றாமை தாங்காமல் சில நாள் டிவியோடு சண்டை போட்டாள். பக்கத்து வீட்டு இராஜம்மா, “இனியாச்சும் நிம்மதியா இருலா,” என்றாள். நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இராஜம்மா சொல்லவில்லை.

முதல் ஞாயிறு ரவாங் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அறைக்குள் காலை வைத்தவளை அவன் தடுத்தான்.

“தட்டிட்டு வாக்கா.”

வெளியே போய்க் கதவைத் தட்டினாள். “வாங்க,” என்றான் பெரிய மனுஷன்போல. சட்டை அவனே போட்டிருந்தான், பொத்தான் ஒன்று மாறியிருந்தது. சரிசெய்ய நீண்ட கையை இழுத்துக்கொண்டாள்.

“வீட்டுக்கு வரியாடா?”

அவன் யோசித்தான். தம்பி யோசிப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. “தீபாவளிக்கு வரேன். ரெண்டு நாள்.”

தோட்டத்தில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் முறையாம். திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

ரயில் நிலையத்துக்கு அவள் வந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. பழக்கத்தில் எட்டி நடை போட்டவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். யாருக்குச் சோறு போட ஓட வேண்டும்? கதவு மூடி வண்டி கிளம்பியது. ஆளில்லாத மேடையில் உட்கார்ந்து, அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தாள்.